புகைபோக்கி துடைக்கும் முன் விறகு அடுப்பின் உள்பாகங்களைக் கழற்றுவது எப்படி

கனடாவிலோ நார்வேயிலோ இங்கிலாந்திலோ வீட்டுக்குள் விறகு எரித்துக் குளிர்காய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் துடைத்தாக வேண்டும். பிரஷ்ஷும் நீட்டுக் கம்பிகளும் கடையில் கிடைக்கின்றன. மேலிருந்து கீழே நாலைந்து தடவை ஓட்டினால் கரி உதிர்ந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உதிர்ந்த கரி எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதில்லை. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த அடுப்புகளில் அது எரியறைக்குள் விழாது. எரியறையின் உச்சியில் கிடைமட்டமாக இருக்கும் பாஃபிள் தகட்டின் முதுகில் குவியும்.

அந்தத் தகட்டுக்கும் அடுப்பின் மேல்மூடிக்கும் நடுவே இருப்பது சில அங்குல இடைவெளிதான். புகை முழுவதும் அந்த இடுக்கு வழியாகத்தான் குழாய்க்குப் போகிறது. அங்கே அரை வாளி கரி விழுந்தால் பாதை பாதி அடைபடும், புகையை மேலே இழுக்கும் காற்றோட்டம் செத்துப்போகும். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடிக்கும், கூடவே கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். குவிந்து கிடக்கும் கரியும் எரிபொருள்தான். அடுப்பின் மிகச் சூடான இடத்துக்கு மேலேயே அது கிடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆக, பாஃபிளைக் கழற்றாமல் புகைபோக்கியைத் துடைப்பது சில சமயம் துடைக்காமல் விடுவதைவிட மோசம். கீழிருந்து துடைப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது. தகடு வெளியே வந்தால்தான் பிரஷ் மேலே போகும்.

உள்ளே என்னென்ன இருக்கும்

மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், ஆனால் பாகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடித்தளத்திலும் பக்கச் சுவர்களிலும் தீச்செங்கற்கள் அடுக்கியிருக்கும். வட அமெரிக்க அடுப்புகளில் இவை பெரும்பாலும் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 1¼ அங்குலத் தடிமன். ஐரோப்பிய அடுப்புகளில் கல்லுக்குப் பதிலாக வெர்மிகுலைட் பலகைகள் இருக்கும். இவை லேசானவை, நகம் பட்டாலே தடம் விழும். மேலே பாஃபிள்: வார்ப்பிரும்புத் தகடாகவோ, வெர்மிகுலைட் பலகையாகவோ, செராமிக் நாரில் செய்த அட்டையாகவோ, ஸ்டீல் பெட்டியாகவோ இருக்கலாம். அதன் முதுகில் சில மாடல்களில் செராமிக் கம்பளி ஒன்று விரித்திருக்கும். பாஃபிளுக்குக் கீழே குறுக்காக மூன்று நான்கு ஸ்டீல் குழாய்கள், அவற்றில் வரிசையாகச் சிறு துளைகள். இவைதான் இரண்டாம் காற்றுக் குழாய்கள். சூடேறிய காற்று இந்தத் துளைகள் வழியாக வந்து, எரியாமல் தப்பப் பார்க்கும் புகையைக் கொளுத்தும். அடுப்பு நல்ல சூட்டில் இருக்கும்போது காஸ் அடுப்பின் பர்னர் போலத் துளைதோறும் தீ நாக்கு நிற்பது இதனால்தான்.

வினையூக்கி உள்ள அடுப்புகளில், புகையைக் குறைந்த சூட்டிலேயே எரியவைக்கும், தேன்கூட்டுத் துளைகளுடைய ஒரு கட்டி பாஃபிள் அருகில் இருக்கும்; அதுதான் வினையூக்கி. அதைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிட ஒரு பைபாஸ் கதவும் உண்டு. அதற்கான முறை வேறு; பின்னால் வருகிறது.

உங்கள் மாடலின் கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பாகங்கள் பிரிந்து மிதப்பதுபோல் வரைந்த படம் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது இந்த வேலையில் எந்தக் கருவிக்கும் சமம். உடைந்த பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கத் தேவையான எண்ணும் அதில்தான் இருக்கிறது.

தொடங்குவதற்கு முன்

கடைசியாக எரித்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அடுப்பின் வெளிப்புறம் சில்லிட்டிருந்தாலும் சாம்பலுக்குள் கங்கு நாலு நாள்வரைகூட உயிரோடு கிடக்கும். சாம்பலை இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டைவிட்டு குறைந்தது 3 மீட்டர் தள்ளி, மரத்தளத்தின் மேல் இல்லாமல் மண்ணிலோ கல்லிலோ வையுங்கள். காகிதப் பையும் பிளாஸ்டிக் வாளியும் வேண்டவே வேண்டாம். அவற்றில் தொடங்கிய வீட்டுத் தீ ஏராளம்.

வீடு கூட்டும் சாதாரண வேக்குவத்தை இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். கங்கு இருந்தால் பை பற்றிக்கொள்ளும். கங்கு இல்லாவிட்டாலும் புகைக்கரித் தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி வந்து, வீட்டுச் சுவர் முழுக்கப் படியும். சாம்பலுக்கென்றே விற்கும் உலோகப் பீப்பாய் வேக்குவம், நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியோடு, இதற்குச் சரி.

முகமூடி விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று 1775-இல் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவற்றில் ஒன்று அது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் கரியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. செராமிக் நாருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்: பல பருவம் தீயில் வெந்த நார் மொறமொறத்து நொறுங்கும், அதன் தூளில் நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்கா இருக்கும். பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகமூடி, பக்கம் மூடிய கண்ணாடி, கையுறை, கழற்றி நேரே துவைக்கப் போடக்கூடிய முழுக்கைச் சட்டை, இவ்வளவும் வேண்டும். 1980-க்கு முந்தைய அடுப்பாக இருந்தால் கதவுக் கயிற்றிலும் (கதவோரத்தில் காற்று புகாமல் அடைப்பது) உள் அட்டைகளிலும் கல்நார் இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். சோதித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கருவிகள் அதிகமில்லை: தலையில் மாட்டும் விளக்கு, நீள்கைப்பிடிக் கண்ணாடி, ராட்செட்டும் சாக்கெட்டுகளும் (7/16, 1/2 அங்குலம், 10 மி.மீ. போதும்), வைஸ் கிரிப் குறடு, சிறு சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை (போல்ட் மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவுவது), வெள்ளைச் சாக்பீஸ். தரையில் விரிக்கப் பழைய படுக்கைவிரிப்பு. கழற்றிய பாகங்களை வைக்க ஓர் அட்டைப்பெட்டி.

எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். நேராக ஒன்று, இரு பக்க மூலைகள், பிறகு கைப்பேசியை எரியறைக்குள் விட்டு மேல்நோக்கி ஒன்று. பாஃபிளின் முன் விளிம்புக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும் விதம், குழாய்த் துளைகள் பார்க்கும் திசை, இந்த மூன்றும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்ப மாட்டும்போது தகராறு வருவது இந்த மூன்றில்தான்.

பலகை குழாய்களின் மேல் கிடக்கும் வகை

கியூபெக்கில் தயாராகும் ட்ரோலே, ஆஸ்பர்ன் அடுப்புகள் இந்த வகை. கனடா கிராமப்புறத்திலும் ஏரிக்கரைக் குடில்களிலும் இவை நிறைய. ஒன்றோ இரண்டோ பாஃபிள் பலகைகள் இரண்டாம் காற்றுக் குழாய்களின் மேல் சும்மா கிடக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் ஆணி எதுவும் இல்லை. குழாயை எடுத்தால் பலகை தானே கீழே வரும்.

முன் குழாயிலிருந்து தொடங்குங்கள். குழாயின் ஒரு முனையில் ஒரு காடி வெட்டியிருக்கும். பக்கக் காற்றுப் பெட்டியின் துளையில் உள்ள ஒரு நாக்கு அதில் உட்கார்ந்து பூட்டியிருக்கும். வைஸ் கிரிப்பால் குழாயின் நடுவைப் பிடித்துத் திருப்பினால் பூட்டு விடும். பிறகு எதிர்ப்பக்கம் தள்ளி, விடுபட்ட முனையைக் கீழே சாய்த்து வெளியே எடுக்கலாம். சில மாடல்களில் காடிக்குப் பதில் ஒரு காட்டர் பின்னோ திருகாணியோ இருக்கும். குழாய் அசையவில்லை என்றால் சுத்தியலால் அதன் மேல் ஓங்கி அடிக்காதீர்கள். சூட்டில் மெலிந்த குழாய் நெளியும், நெளிந்தது மறுபடி துளையில் போகாது. முனையில் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் விட்டு, வைஸ் கிரிப்பின் கைப்பிடியை மெதுவாகத் தட்டி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். துருத் தூள் உதிரத் தொடங்கினால் இளகிவிட்டது என்று பொருள்.

ஒவ்வொரு குழாயையும் எடுத்த உடனே சாக்பீஸால் அதன் இடத்தை எழுதுங்கள்: முன், நடு, பின். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் துளைகளின் எண்ணிக்கையும் அளவும் குழாய்க்குக் குழாய் மாறுவது உண்டு. இடம் மாற்றிப் போட்டால் அடுப்பு எரியும், ஆனால் மேல்தீ சரியாக நிற்காது, காரணமும் எளிதில் பிடிபடாது.

எல்லாக் குழாய்களையும் எடுக்க வேண்டியதில்லை என்ற மாடல்களும் உண்டு. முன் குழாய்கள் இரண்டை எடுத்ததும் பலகையை முன்னால் இழுத்துச் சாய்த்து எடுக்க முடிந்தால் அதுவே போதும். கழற்றாத குழாய் உடையாது. பலகையை இறக்கும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்குங்கள். நார் அட்டையை விளிம்பில் பிடித்தால் மூலை கையோடு வந்துவிடும். அதன் மேல் பழைய கரி கிடக்கும் என்பதால், சாய்ப்பதற்கு முன் முன்பக்க இடுக்கு வழியாக வேக்குவத்தின் குழலை விட்டு முடிந்ததை உறிஞ்சிவிட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் உங்கள் மடியில்.

ஸ்டீல் பெட்டி வகை

பசிபிக் எனர்ஜியின் சூப்பர் 27 போன்ற அடுப்புகளில் தனிக் குழாய்கள் இல்லை. பாஃபிளே உள்ளே வெற்றிடமுள்ள ஒரு ஸ்டீல் பெட்டி. காற்று பின்னாலிருந்து ஒரு குழாய் வழியாக அதற்குள் ஏறி, அடிப்பக்கத் துளைகளால் வெளியேறும். பெட்டியின் பின்பகுதியில் ஒரு பூட்டு ஊசி குத்தியிருக்கும். வழியை மறைக்கும் மேல்வரிசைப் பக்கக் கற்களை முதலில் எடுத்துவிட்டு, அந்த ஊசியை உருவி, பெட்டியைச் சற்றுத் தூக்கி முன்னால் இழுத்தால் காற்றுக் குழாயிலிருந்து விடுபடும். பிறகு ஒரு பக்கத்தைச் சாய்த்துக் கதவு வழியாக எடுக்க வேண்டும். பெட்டி கனமானது. முழங்காலில் அமர்ந்து கையை நீட்டியபடி தாங்குவது முதுகுக்குக் கேடு. அடியில் இரண்டு விறகுக் கட்டைகளை நிறுத்தி அவற்றின் மேல் இறக்குங்கள்.

இங்கே கவனம் முழுவதும் போக வேண்டியது பெட்டிக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவே உள்ள சிறு கேஸ்கெட்டில். அது கிழிந்தோ காணாமலோ போனால் இரண்டாம் காற்று துளைகளுக்குப் போகாமல் பின்னாலேயே கசிந்துவிடும். விலை சொற்பம்தான், கழற்றுவதற்கு முன்பே புதியது ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

வெர்மிகுலைட் வகை

இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் பெரும்பாலான சிறு அடுப்புகள் இப்படித்தான். பாஃபிள் பலகையைத் தாங்குவது பக்கப் பலகைகளின் மேல் விளிம்பும் பின்பலகையும்தான். விறகு முன்னால் உருளாமல் தடுக்கும் கம்பியை முதலில் எடுங்கள். ஒரு கையால் பாஃபிளை ஓரங்குலம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு பக்கப் பலகையின் மேல்முனையை உள்ளே சாய்த்து வெளியே எடுங்கள். இப்போது பாஃபிளின் அந்தப் பக்கத்துக்குத் தாங்கல் இல்லை. அந்தப் பக்கமாகவே இறக்கி, மூலைவிட்டமாகத் திருப்பினால் கதவு வழியாக வந்துவிடும். இரண்டு அடுக்குப் பாஃபிள் என்றால் மேலே இன்னொரு தகடு கொக்கியில் தொங்கும். அதையும் எடுக்காமல் பிரஷ் போகாது.

பலகை வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். பின்னால் கரி இறுகியிருக்கும், அல்லது பக்கப் பலகை சூட்டில் வளைந்து நெருக்கிப் பிடித்திருக்கும். மெல்லிய கத்தியை இடுக்கில் விட்டுக் கரியைத் தளர்த்துங்கள். வலுவாக இழுத்தால் நடுவில் இரண்டாக முறியும். அப்படி முறிந்ததைச் சேர்த்து வைத்து எரிக்கலாம் என்று எண்ண வேண்டாம்; எரியும்போது பாதி விறகின் மேல் விழும்.

வினையூக்கி உள்ளவை

பைபாஸ் கதவு குழாய்க்கு நேர் கீழே இருந்தால் பெரும்பாலும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பைபாஸைத் திறந்துவிட்டுத் துடைத்தால் கரி நேரே எரியறைக்குள் விழும். துடைத்த பிறகு வினையூக்கியின் முகத்தைப் பாருங்கள். சாம்பல் படிந்திருந்தால் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், அல்லது வேக்குவத்தைத் தொடாமல் அருகில் காட்டுங்கள். கம்பி பிரஷ்ஷும் அழுத்தக் காற்றும் அதன் மேல்பூச்சைக் கெடுக்கும். வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைச் சுற்றியுள்ள கேஸ்கெட் ஒருமுறைதான் பயன்படும் என்பதை நினைவில் வையுங்கள். அது முதல் சூட்டில் உப்பிக் கட்டியை இறுக்கிப் பிடிக்கும் வகை. பழையதையே வைத்தால் கட்டி ஆடும், புகை ஓரமாக நழுவும்.

எதுவும் அசையாவிட்டால்

துருவேறிய போல்ட்டின் தலை முறிந்தால் பிறகு துளையிட்டு எடுக்க வேண்டும். எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் சிறிது திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அப்போதும் வராவிட்டால் பாஃபிளை விட்டுவிட்டு மேலிருந்து வாருங்கள்: அடுப்புக்கு மேலே உள்ள இணைப்புக் குழாயைக் கழற்றுங்கள். தொலைநோக்கிபோல் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய் என்றால் திருகாணிகளை எடுத்து மேலே தள்ளினாலே போதும். புகைபோக்கியின் அடியில் பிளாஸ்டிக் பை ஒன்றை டேப் போட்டுக் கட்டித் துடைக்கலாம். அடுப்பின் கழுத்துத் துளை வழியாகப் பாஃபிளின் முதுகை வேக்குவத்தால் துப்புரவாக்கலாம். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு இணைப்புக்கும் குறைந்தது மூன்று திருகாணி, குழாயின் சுருக்கிய முனை அடுப்பை நோக்கிக் கீழே. மேலே இருந்து வழியும் கிரியோசோட் (புகை குளிர்ந்து படியும் தார்) குழாய்க்கு உள்ளேயே இறங்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் இணைப்பு வழியே வெளியே கசிந்து நாறும்.

துடைத்தல்

கீழிருந்து துடைப்பதானால் கதவு வாயைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி, கம்பி நுழைய மட்டும் ஒரு துளை விட்டு, ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். அடுப்புக்குக் காற்று வரும் வழிகளை மூடுங்கள், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். அது ஓடினால் வீடு உள்நோக்கி இழுக்கும், கரித்தூள் அறைக்குள் வரும்.

6 அங்குலக் குழாய்க்கு 6 அங்குல பிரஷ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்குழாயில் பாலிப்ரொப்பிலீன் தூரிகையே பாதுகாப்பு. டிரில்லில் சுழலும் வகையை வலப்புறமாக மட்டும் சுழற்ற வேண்டும். திருகு இணைப்புள்ள கம்பியை இடப்புறம் சுழற்றினால் பாதி வழியில் கழன்று மேலேயே தங்கிவிடும். இறுக்கமான கம்பி பிரஷ்ஷை நடுவழியில் திசை மாற்ற முயலாதீர்கள், சிக்கிக்கொள்ளும். முழுத் தூரமும் ஒரே திசையில் ஓட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். உச்சித் தொப்பியில் வலை இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். புகை அங்கேதான் மிகவும் குளிர்கிறது, அதனால் அடைப்பும் அங்கேதான் முதலில் வரும்.

விழுந்த கரியின் தன்மை போன பருவத்தைப் பற்றி நிறையச் சொல்லும். பொடியாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ விழுந்தால் நல்லது. மினுமினுக்கும் செதில்களாக வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றைக் குறைத்து இரவெல்லாம் புகைய விட்டிருக்கிறீர்கள். விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானி குத்தும்போது வெளித்தோலில் குத்தாமல், கட்டையை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். தார் பூசியதுபோல் குழாயில் கெட்டியாகப் பளபளத்தால் அது பிரஷ்ஷுக்கு மசியாது. அந்த நிலையில் எரிப்பதை நிறுத்திவிட்டுத் தொழில்முறைத் துடைப்பாளரைக் கூப்பிட வேண்டும். கனடாவில் வெட் (WETT) என்ற, விறகு அடுப்பு வேலையில் பயிற்சி பெற்றவர்களுக்கான சான்றிதழ் உள்ளவர் வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கின்றன. பொதுவான அளவுகோல்: படிவு 3 மி.மீ. தடித்தால், பருவத்தின் நடுவே ஆனாலும் துடைத்தே ஆக வேண்டும்.

கழற்றியவற்றைச் சோதித்தல்

தீச்செங்கல்லில் மயிரிழை விரிசல் சகஜம். இடம் விட்டு நகராத வரை பயன்படுத்தலாம். துண்டு விழுந்து பின்னாலுள்ள ஸ்டீல் தெரிந்தால் மாற்றுங்கள். வெர்மிகுலைட்டுக்கும் அதே கணக்கு. அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது, உலர்ந்த மென்பிரஷ் போதும். குழாய்த் துளை அடைத்திருந்தால் சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் திருகி எடுங்கள், துளை பெரிதாகக் கூடாது. நடுவில் தொய்ந்த குழாயும், கீழே தொங்கும் இரும்பு பாஃபிளும், அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது என்று சொல்கின்றன. அப்போது கதவுக் கயிற்றையும் பாருங்கள். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுக்க வேண்டும். தடையின்றி உருவினால் கயிறு தேய்ந்துவிட்டது. அந்த வழியாக நுழையும் காற்றை, அடுப்பின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லீவரால் கட்டுப்படுத்த முடியாது.

திரும்ப மாட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பிழைகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான், ஆகவே நிதானம் வேண்டும்.

முதலில், பாஃபிள் உட்காரும் விளிம்புகளில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லாமல் துடையுங்கள். ஒரு கரித்துண்டின் மேல் பலகை உட்கார்ந்தால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், முதல் பெரிய கட்டையை எறியும்போது அந்த மூலை உடையும். அடுத்து, பின்பக்கம். முன்விளிம்பைச் சுற்றிப் புகை மேலேறும் அமைப்பில் (இன்றைய அடுப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான்) பலகை பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டால் சூடான வாயு சுற்றி வராமல் குறுக்கு வழியில் குழாய்க்குப் போகும். விறகு வேகமாக எரியும், அறை சூடாகாது, குழாய் மட்டும் கொதிக்கும். இதற்கு நேர்மாறாகப் பலகை முன்னால் நகர்ந்திருந்தால் புகைப்பாதை ஒடுங்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை வெளியே வரும். இரண்டு பலகைகள் என்றால் நடுவில் அவை தொட்டுக்கொள்ள வேண்டும்.

செராமிக் கம்பளி உள்ள அடுப்பில் அதைச் சமமாக விரித்து, அதன் முன்விளிம்பும் பலகையின் முன்விளிம்பும் ஒன்றாக வரும்படி வையுங்கள். கம்பளியின் ஓரம் சுருண்டு மேலே நின்றால் புகைப்பாதையை அடைத்துவிடும். துடைத்து முடித்த பிறகு அடுப்பு திடீரென்று புகைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கம்பளியைத்தான்.

ட்ரோலே வகையில் பின் குழாயிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். பலகையை எப்போது ஏற்றுவது என்பதைக் கையேட்டின் படத்தில் பாருங்கள். குழாயின் காடி நாக்கில் இறுதிவரை திரும்பியிருக்க வேண்டும். கையால் அசைத்தால் சுழலக் கூடாது. சுழன்றால் துளைகள் திசைமாறிவிடும். எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். காட்டர் பின் இருந்தால் புதியது போடுங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். போல்ட்களின் மரையில் ஆன்டி-சீஸ் தடவுங்கள். நிக்கல் வகை 1,300 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாங்கும். செம்பு வகை 980-இல் நின்றுவிடும். அடுத்த ஆண்டு கழற்றும்போது இந்த ஒரு நிமிட வேலைக்குப் பலன் தெரியும். எதையும் மிகவும் இறுக்காதீர்கள். சூட்டில் இரும்பு விரிய இடம் வேண்டும். இறுக்கிய தகடு வளைந்துபோகும்.

கடைசியாக, கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பாஃபிளின் மேல்பக்கம் கருவியோ துணியோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தீ

கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பாஃபிளின் முன்விளிம்புக்கு அருகே பிடியுங்கள். புகை தயங்காமல் மேலே போக வேண்டும். பிறகு சுள்ளிகளோடு சிறு தீ. புதுக் கற்களோ வெர்மிகுலைட்டோ போட்டிருந்தால் அவற்றின் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும் என்பதால் இரண்டு மூன்று சிறு தீ மூட்டிய பிறகே முழு விறகு. துரு எண்ணெய் கருகும் வாசனை முதல் அரை மணி நேரம் இருக்கும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

ஒற்றைச் சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி ஒட்டியிருந்தால், வழக்கமாக எரிக்கும்போது முள் சுமார் 115-க்கும் 245 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே இருக்கும். காற்றைக் குறைத்த பிறகும் அது ஏறிக்கொண்டே போனால், அல்லது முன்பு தெரிந்த மேல்தீ இப்போது தெரியவில்லை என்றால், தீயைத் தானாக அணைய விடுங்கள். முழுக்க ஆறிய பிறகு கதவைத் திறந்து பலகையின் பின்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி மூட்டுங்கள்.